நிற்காமல் படியேறிய கடைக்காரர்

பொம்மைப் படம் எடுத்த அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். மருமகள். மகன். மகன் நைட் ஷிப்ட் முடித்து வந்து மூலையில் படுத்துத் தூங்கினான். இருந்தாலும் இருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் கால் படத்தில் விழுந்திருக்கிறது.

வராதவர் ஒருவர். மருமகளின் அம்மா. அவர் இருப்பது ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூரில் எங்கள் தெருமுனையில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். கல்யாணம் ஆகி இரண்டு வருடம். ஒரு தடவைகூட வரவில்லை. மகள் போன் போட்டால் எடுப்பதும் இல்லை.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்கள் கன்னடக்காரர்கள். நாங்கள் கோபிநத்தம் பக்கத்துத் தமிழர்கள். வீட்டுக்காரர் மேஸ்திரி. நான் சித்தாள். மண் சுமக்கிற வீட்டுக்கா பெண் கொடுப்பது என்று அந்தம்மா கேட்டாராம். கேட்டது தப்பில்லை. நான் சுமப்பது மண் இல்லை, சிமெண்ட். அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளைகள் இரண்டும் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றன. நான் காபி போட்டேன்.

மருமகள் வேலை பார்ப்பது ஒரு பிளெக்ஸ் கடையில். பிறந்த நாள் போர்டு, கல்யாண போர்டு, செத்தவர்களுக்குப் போர்டு. கம்ப்யூட்டரில் போட்டோவைத் திருத்துவாள். கறுப்பை வெளுப்பாக்குவாள். மொட்டைத் தலையில் முடி வைப்பாள். அதிகம் பேச மாட்டாள். எங்கள் வீட்டிலும் யாரும் பேச மாட்டோம். அதனால் ஒத்துப்போயிற்று.

தினம் காலையில் அவள் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படம் அனுப்புவாள். சற்று நேரத்தில் இரண்டு நீலக் கோடு வரும். பார்த்தாயிற்று என்று அர்த்தம். பதில் வராது. அந்த நீலக் கோட்டைப் பார்த்த பிறகுதான் டிபன் பாக்ஸை மூடுவாள். எனக்கு அவள் ஒன்றும் சொன்னதில்லை. நான் அடுப்படியிலிருந்து பார்த்தது.

தசராவுக்கு அவர்கள் வீட்டில் பொம்மை வைப்பார்கள். ஏழு படி வைப்பார்களாம். எங்கள் பக்கம் அந்தப் பழக்கம் இல்லை. முதல் வருடம் கேட்க வெட்கப்பட்டாள் போல. இரண்டாம் வருடம் கேட்டாள்.

"அத்தே, நம்ம வீட்லயும் பொம்மை வெக்கலாமா?"

"வெக்கலாமே."

"பொம்மை ஒண்ணும் இல்லையே."

"வாங்கு."

வாங்கினாள். சம்பளம் வந்ததும் இரண்டு. அடுத்த மாதம் மூன்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டில் பரப்பி விற்பவனிடம் சில. காது உடைந்த யானை ஒன்று சும்மா கிடைத்தது. காதைச் சிமெண்ட் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். மொத்தம் இருபத்து மூன்று சேர்ந்தது.

படி கட்டியது வீட்டுக்காரர். செங்கல், சென்ட்ரிங் பலகை. நாலு படி கட்டிவிட்டு, கைகழுவப் போனார்.

"மாமா, நாலு கூடாது. மூணு, அஞ்சு, ஏழு. அப்படித்தான் வெக்கணும்."

"மொதல்லயே சொல்றதுதான புள்ள."

"நீங்க கேக்கலையே."

இன்னொரு படி ஏற்றினார். ஏற்றிவிட்டு ரசமட்டம் எடுத்து ஒவ்வொரு பலகை மேலும் வைத்துப் பார்த்தார். நீர்க்குமிழி நடுவில் நிற்கும் வரை அடியில் அட்டைத் துண்டு சொருகினார். பொம்மைக்கு இதெல்லாம் வேண்டுமா என்று கேட்டேன். "வேலைன்னா வேலைதான்" என்றார். மேலே பழைய வெள்ளை வேட்டியை விரித்தோம்.

அப்போதுதான் மருமகள் தன் யோசனையைச் சொன்னாள். பொம்மை ஒவ்வொன்றாக வைக்க வைக்க போட்டோ எடுப்பாள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்தால் பொம்மைகள் தானாகவே வந்து படியில் உட்கார்வது மாதிரி ஓடும். அதை அம்மாவுக்கு அனுப்புவாள்.

"வீடியோ எடுத்து அனுப்பினா ஆவாதா அம்மிணி?"

"வீடியோல சத்தம் வரும் அத்தே. என் கொரல் கேட்டா மூடிடுவாங்க. இதுல சத்தமே கெடையாது. படம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும்."

ஸ்டூல் மேல் தண்ணீர்க் குடத்தை வைத்தாள். குடத்தின் கழுத்தில் போனை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாள். குடம் அசையக் கூடாது. ஸ்டூல் அசையக் கூடாது. மகனும் அசையக் கூடாது. அவன் கால்மாட்டில்தான் முதல் படி இருந்தது. ஒரு கால் படத்துக்குள் வந்தது. எழுப்ப மனசில்லை.

முதலில் வெறும் படியை ஒரு போட்டோ எடுத்தாள். பிறகு நான் ஒரு பொம்மையை வைப்பேன். கையை எடுப்பேன். அவள் போனில் ஒரு தட்டு தட்டுவாள். அடுத்தது. கை எடு. தட்டு. செங்கல் எடுத்துக் கொடுக்கிற மாதிரிதான். எனக்குப் பழகிய வேலை.

"கை, அத்தே."

"எடுத்துட்டேன்."

"வளையல் தெரியுது."

"ம்."

வீட்டுக்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். வெளிச்சம் மறைந்தது. உள்ளே வரச் சொன்னாள். வந்தார். வெளிச்சம் கூடிவிட்டது. பழையபடி வாசலுக்கே போகச் சொன்னாள். "எங்கதாம்புள்ள நிக்கட்டும்?" என்றார். கடைசியில் வாசலுக்கு வெளியே முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

மேல் படியின் நடுவில் மட்டும் அவள் ஒன்றும் வைக்கச் சொல்லவில்லை.

"நடுவுல?"

"அது சும்மா இருக்கட்டும் அத்தே."

 அடுத்த பொம்மையை எடுத்தேன்.

கடைசியாகக் கையில் மீந்தது ஒரு ஜோடி. கடைக்காரரும் அவர் பெண்டாட்டியும். அவருக்குத் தொப்பை. பெண்டாட்டிக்கு மூக்குத்தி. இரண்டு பேருக்கும் முன்னால் பருப்பு, அரிசி குவித்து வைக்க வேண்டும் என்று மருமகள் சொல்லியிருந்தாள். கீழ்ப்படியில் வைத்தேன். கையை எடுத்துத் தள்ளி நின்று பார்த்தேன். யானைக்கு இடித்தது. எடுத்து இரண்டாம் படியில் வைத்தேன். அங்கும் நெருக்கம். மூன்றாம் படியில் முன்னால் துருத்திக்கொண்டு நின்றார். நான்காம் படியிலும் இடம் இல்லை. மேலே நடுவில் நல்ல இடம் கிடந்தது. கட்டட வேலையில் நடுவில் ஓட்டை விடுவது கிடையாது. அங்கே வைத்தேன். ஒரு கைப்பிடி துவரம்பருப்பு எடுத்து வந்து முன்னால் குவித்தேன். கச்சிதமாக இருந்தது.

"ஆச்சு" என்றேன்.

தட்டும் சத்தம் வர நேரமாயிற்று. திரும்பிப் பார்த்தேன். போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, கை தெரியுதா?"

"இல்ல அத்தே. நல்லா இருக்கு."

தட்டினாள்.

மறுநாள் காலையில் கலசம் வைத்தாள். கலசம் வைத்துவிட்டால் பத்தாம் நாள் வரைக்கும் எந்தப் பொம்மையையும் நகர்த்தக் கூடாது. தூசி கூடத் துடைக்கக் கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் சொன்னாள். வீட்டுக்காரர் ரசமட்டத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

எங்களுக்கு அப்போது வேலை நடந்தது அவள் கடைக்குப் பக்கத்துத் தெருவில். அன்று மத்தியானச் சோற்றுக்கு அவள் கடைக்குப் போனேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். நான் பிளெக்ஸ் சுருள் மேல் உட்கார்ந்து பார்த்தேன்.

போட்டோக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒவ்வொன்றும் ஒரு லேயர் என்றாள். எங்கள் வேலையில் செங்கல் வரி மேல் வரி. இங்கே படம் மேல் படம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் படம் இருந்தது. கண்ணைத் தட்டினால் அந்தப் படம் மறையும். மறுபடி தட்டினால் வரும். சில படங்கள் கொஞ்சம் நகர்ந்திருந்தன. நடுவில் ஒரு தடவை ரப்பர் பேண்ட் நழுவியிருந்தது. அவற்றைப் பிடித்து இழுத்து வேட்டியின் ஓரத்துக்கு ஓரம் சேர்த்தாள். வீட்டுக்காரர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பிறகு எல்லாப் படத்தையும் கீழே ஒரே வரிசையாக நிறுத்தினாள். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று குறித்தாள். எல்லாவற்றுக்கும் கால் செகண்டு. கடைசிப் படத்துக்கு மட்டும் இரண்டு செகண்டு. ஒரு பட்டனைத் தட்டினாள்.

ஓடியது.

வெறும் படி. பொம்மைகள் டப் டப்பென்று வந்து உட்கார்ந்தன. மகன் கால் விரல் மட்டும் இரண்டு தடவை ஆடியது. கடைசியில் கடைக்காரரும் பெண்டாட்டியும் வந்தார்கள். கீழ்ப்படியில் நின்றார்கள். இரண்டாம் படி. மூன்றாம் படி. நான்காம் படி. ஒரே தாவில் மேலே போய் நடுவில் உட்கார்ந்தார்கள். முன்னால் பருப்பு வந்தது.

நான் இடம் தேடியபோதெல்லாம் அவள் தட்டியிருக்கிறாள். கை விலகினால் தட்ட வேண்டும் என்றுதானே பேச்சு.

"அய்யோ, அதுகள எடுத்துரு. நான் எடம் பாத்துட்டு இருந்தேன்."

"எடுக்க மாட்டேன் அத்தே. இவங்க ரெண்டு பேரும்தான் நடக்கறாங்க. மத்தவங்க சும்மா வந்து உக்காறாங்க."

மூன்றாம் படிப் படத்தில் என் கையும் இருந்தது. கடைக்காரர் தலையைப் பிடித்தபடி. நகத்தை எல்லாம் சிமெண்ட் தின்றிருந்தது. சுண்டு விரலில் துணி கட்டியிருந்தேன்.

"இதையாவது அழிச்சிரு. ஒரு நிமிசத்துல எல்லாத்தையும் அழிப்பியே."

"இது இருக்கட்டும்."

"அசிங்கமா இருக்குது."

"நான் பாத்துக்கறேன், நீங்க சாப்பிடுங்க."

கடைசியில் ஒன்று கேட்டாள்.

"எத்தன தடவ ஓடணும்னு கேக்குது அத்தே. ஒரு தடவ, மூணு தடவ, எப்பவும். எது வெக்க?"

"எப்பவும்."

வைத்தாள். படம் கனமாக இருந்தது என்று கொஞ்சம் சிறிதாக்கினாள். அம்மாவுக்கு அனுப்பினாள். எழுத்து ஒன்றும் சேர்க்கவில்லை. நான் வேலைக்குத் திரும்புவதற்குள் இரண்டு நீலக் கோடு வந்தது.

அன்றைக்குப் பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மருமகள் டிபன் பாக்ஸ் கட்டினாள், போனாள், வந்தாள். கலசத்துக்குப் பூ மாற்றினாள். பாட்டு ஒன்று முனகுவாள் அந்த நேரத்தில். அதை நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை. அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. பேர் இங்கிலீஷில் இருந்தது, எனக்குப் படிக்க வராது. ஆனால் முகம் தெரிந்தது. மருமகள் முகம்தான். வயசான முகம்.

கதவைத் தட்டினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நின்றுவிடுமோ என்று எடுத்துவிட்டேன்.

அந்தம்மா பேசியது கன்னடம். நான் பேசியது பாதி கன்னடம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"யாரு?"

"மாமியாருங்க. பாப்பா குளிக்குது."

தான் யார் என்று அந்தம்மா சொல்லவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அந்தக் கடைக்காரன எறக்குங்க."

"எந்தக் கடைக்காரன்?"

"உங்க வீட்டுப் படியில உக்காந்திருக்கானே, அவன. அது ராஜா ராணி உக்கார்ற எடம். பட்டத கொம்பெ வெக்கற எடம். எவனாவது அங்க பருப்புக் கடை போடுவானா? ரெண்டு நாளா பாக்கறேன். ஏறி ஏறி உக்காறான். நிறுத்தவும் முடியல. நானும் இன்னிக்காவது வேற எடத்துல உக்காருவானான்னு பாக்கறேன். உக்கார மாட்டேங்கறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன்.

"எனக்குத் தெரியாதுங்க. எடம் காலியா இருந்துச்சு, வெச்சிட்டேன்."

"அவளுக்குத் தெரியுமே. ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? எறக்கச் சொல்லுங்க."

"எறக்க முடியாதுங்க. கலசம் வெச்சாச்சு. பத்தாம் நாள் வரைக்கும் கை வெக்கக் கூடாதுன்னு சொல்லுது."

"யாரு சொல்றது?"

"உங்க பொண்ணுதான்."



"அதெல்லாம் ஞாபகம் வெச்சிருக்காளா?"

"தூசி கூடத் தொடைக்க விடறதில்லைங்க."

"அப்ப ஒம்பது நாளும் அவன்தான் ராஜாவா?"

"அவர்தாங்க."

 பிறகு, "படத்துல யாரு கை அது?" என்றார்.

"என்னுதுங்க."

"விரல்ல என்ன கட்டு?"

"பலகை நசுக்கிருச்சு. இப்பப் பரவாயில்லை."

"ம்" என்றார். வைத்துவிட்டார்.

மருமகள் ஈரத்தலையோடு வந்தாள். சொன்னேன். அப்படியே கீழே உட்கார்ந்தாள். தண்ணீர் சொட்டியது.

"என்னப் பத்திக் கேட்டாங்களா?"

"கேக்கல."

கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்கு அந்தம்மாவே சொல்லிவிட்டால் என்ன செய்வது.

பட்டத கொம்பெ என்றால் என்ன என்று கேட்டேன். நம் மரப்பாச்சி மாதிரியே மரத்தில் செய்த ராஜாவும் ராணியும். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்போது அம்மா வீட்டில் கொடுத்து அனுப்புவார்களாம். இவளுக்கு வாங்கி பீரோவில் வைத்திருந்தார்களாம். இவள் வெறுங்கையோடு வந்தவள்.

"நான் வெச்சது தப்புன்னு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்றதுக்கு என்ன கேடு?"

"நீங்க தள்ளி நின்னு பாத்து சிரிச்சீங்க அத்தே."

சிரித்தேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிவிட்டேன்.

பத்து நாளும் கடைக்காரர் மேலேயே இருந்தார். தெருவிலிருந்து சுண்டல் வாங்க வந்தவர்கள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிழவர் மட்டும், "ஜி.எஸ்.டி. கட்டியிருப்பார் போல" என்றார். பத்தாம் நாள் ஊரெல்லாம் ஜம்பூ சவாரி என்கிற யானை ஊர்வலம் பார்க்கப் போயிற்று. நாங்கள் போகவில்லை. சாயங்காலம் ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும் என்றாள். யானையைப் படுக்க வைத்தாள். ஒட்டிய காது மேலே தெரிந்தது.

பதினோராம் நாள் காலையில் பொம்மைகளை எடுக்கலாம். அட்டைப்பெட்டி, பழைய துணி எல்லாம் தயார் செய்தோம். அப்போது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். போய்ப் பார்த்தேன்.

போனில் பார்த்த முகம். கையில் துணிப்பை. தசராக் கூட்டத்துப் பஸ்ஸில் நின்றே வந்திருக்க வேண்டும், புடவை கசங்கியிருந்தது.

என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். சுண்டு விரலைப் பார்த்தார். கட்டு அவிழ்த்து நாலு நாள் ஆகியிருந்தது.

"வாங்க" என்றேன்.

உள்ளே வந்தார். மகள் நிற்பதைத் தாண்டி நேராகப் படியிடம் போனார். கடைக்காரரைப் பிடித்தார்.

"எறங்கு. போதும்."

கீழே இரண்டாம் படியில் இரண்டு பொம்மைகளைத் தள்ளி இடம் செய்து ஜோடியை வைத்தார். இடம் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. பருப்பையும் அள்ளிக் கொண்டுபோய் முன்னால் குவித்தார். ஒரு பருப்பு சிந்தவில்லை. பிறகு பையிலிருந்து பழைய துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பிரித்தார். சிவப்புப் பட்டுத் துணி கட்டிய ராஜா. ராணி. மேலே வைத்தார்.

வீட்டுக்காரர் ரசமட்டத்தோடு வந்தார். அவருக்கு வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"ராணி பக்கம் கொஞ்சம் சாயற மாதிரி இருக்குங்க."

"ராணி சாயல. உங்க பலகை சாயுது."

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "ஆமாங்" என்றார். அட்டைத் துண்டு தேடப் போனார்.

மருமகள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குடத்தில் போனைக் கட்டிக்கொண்டிருந்தாள். ரப்பர் பேண்ட் இரண்டு தடவை நழுவியது.  அந்தம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பண்ற?"

இரண்டு வருடத்தில் முதல் பேச்சு அது.

"படம்மா. அவரு எறங்கறதையும் எடுக்கணும். இல்லாட்டி அவரு ஏறிக்கிட்டே இருப்பாரு."

"அதான் எறக்கிட்டேனே."

"மறுபடி ஏத்தி எறக்கும்மா. நான் எடுக்கல."

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். ராஜாவையும் ராணியையும் எடுத்து என் கையில் கொடுத்தார். கடைக்காரரை மேலே ஏற்றினார்.

"என் கை விழுமே" என்றார்.

"விழட்டும்மா."

எடுத்தாள். எத்தனை தடவை தட்டினாள் என்று கவனிக்கவில்லை. நான் ராணியைக் கீழே போடாமல் பிடித்திருந்தேன். மகன் நடுவில் எழுந்து உட்கார்ந்தான். மாமியாரைப் பார்த்தான். மறுபடி படுத்துக்கொண்டு போர்வையை மூடினான். "மாப்பிள்ளை எப்பவுமே தூங்கறாரே, அந்தப் படத்துலயும் தூங்கறார்" என்றார் அந்தம்மா.

மத்தியானம் சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். துணிப்பை காலியாக இருந்தது. நான் கொஞ்சம் முருங்கைக்காய் போட்டுக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். மருமகள் சுற்றிக் கொடுத்தாள். நான் அடுக்கினேன். பாட்டு முனகினாள். அடுக்கும்போது எண்ணினேன்.

இருபத்தைந்து.